எத்தனை குதிரைத்திறன், எவ்வளவு காலத்துக்கு?

1980-களின் நடுவில் ஃபார்முலா 1 பந்தயங்களில் பிஎம்டபிள்யூ நிறுவனத்தின் டர்போ எஞ்சின் ஒன்று ஓடியது. கொள்ளளவு ஒன்றரை லிட்டர், சிலிண்டர்கள் நான்கே. அதன் வார்ப்பிரும்பு பிளாக், தெருவில் ஓடும் பிஎம்டபிள்யூ கார்களில் இருந்த எம்10 எஞ்சினின் வழிவந்தது. 1986-இல் தகுதிச் சுற்றுகளின்போது அது 1300 குதிரைத்திறனை எட்டியதாக மதிப்பிடுகிறார்கள். மறுநாள் பந்தயத்திலோ ஏறத்தாழ 850 முதல் 900 குதிரைத்திறனுக்குள் வைத்துதான் அதை ஓட்டினார்கள். பந்தயத்துக்கு 195 லிட்டர் எரிபொருள் மட்டுமே என்ற விதி அதற்கு ஒரு காரணம். தகுதிச் சுற்றுக்கான எஞ்சின் சில சுற்றுகள் தாங்கினால் போதும், பந்தய எஞ்சின் 300 கிலோமீட்டர் தாங்க வேண்டும் என்பது இன்னொரு காரணம். இந்த எஞ்சினின் திறன் என்ன என்று யாராவது கேட்டால் ஒற்றை எண்ணைப் பதிலாகச் சொல்ல முடியாது. எவ்வளவு நேரத்துக்கு, என்ன வேலைக்கு என்று திருப்பிக் கேட்டாக வேண்டும்.

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்து அதன் எஞ்சினை இன்னும் வலுவாக்க நினைப்பவர்கள் இந்த இரண்டாம் கேள்வியைப் பெரும்பாலும் கேட்பதில்லை. விளம்பரத்தில் வருவது முதல் எண்தான். இந்த டர்போ போட்டால் இத்தனை, எஞ்சினின் கட்டுப்பாட்டு மென்பொருளை மாற்றும் இந்த ரீமேப் செய்தால் இத்தனை என்று பட்டியல் நீள்கிறது. நம்பகத்தன்மையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், தேவைப்பட்டால் வலுவான பாகங்களை வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது பொதுவான எண்ணம். ஆனால் எஞ்சின் தரும் திறனும் அது உழைக்கும் காலமும் ஒரே கையிருப்பிலிருந்து செலவாகின்றன. வடிவமைத்த பொறியாளர் ஒவ்வொரு பாகத்திலும் விட்டுவைத்த உபரி வலிமைதான் அந்தக் கையிருப்பு. கூடுதல் குதிரைத்திறன் ஒவ்வொன்றும் அதில் கை வைக்கிறது. எங்கே, எவ்வளவு கை வைக்கிறோம் என்று தெரிந்து தேர்ந்தெடுப்பதே அறிவுள்ள மேம்பாடு.

திறன் என்பது கிராங்க் ஷாஃப்டைத் திருகும் முறுக்குவிசையையும் அது சுழலும் வேகத்தையும் பெருக்கிக் கிடைப்பது. ஆகவே திறனைக் கூட்ட இரண்டே வழிகள்: பிஸ்டனை ஒவ்வொரு முறையும் இன்னும் பலமாகத் தள்ளச் செய்யலாம்; அல்லது நிமிடத்துக்கு இன்னும் அதிக முறை சுழலச் செய்யலாம். முதல் வழியின் விலையை டொயோட்டா சுப்ராவின் 2ஜேஇசட் எஞ்சின் மூலம் பார்க்கலாம். 1993 முதல் 2002 வரை வந்த சுப்ராவில், 2997 சிசி கொண்ட இந்த ஆறு சிலிண்டர் எஞ்சின் டர்போ இல்லாமலும் டர்போவுடனும் விற்கப்பட்டது. அமெரிக்க விற்பனைக்கான டர்போ இல்லாத வகையின் முறுக்குவிசை 285 நியூட்டன் மீட்டர். டர்போ வகைக்கு 427. இவற்றைச் சிலிண்டருக்குள் பிஸ்டனைத் தள்ளும் சராசரிப் பயனழுத்தமாக மாற்றினால், முறையே 12 பார், 18 பார் என்று வருகிறது. ஒன்றரை மடங்கு. இந்த உயர்வுக்காக டொயோட்டா அமுக்க விகிதத்தை 10-இலிருந்து 8.5-ஆகக் குறைத்தது, பிஸ்டன்களின் அடியில் ஆயில் பீய்ச்சிக் குளிர்விக்க ஏற்பாடு செய்தது, டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைச் சேர்த்தது. தன் எஞ்சினை நன்கு அறிந்த நிறுவனமே டர்போவைப் பொருத்தியதோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடவில்லை.

இரண்டாம் வழியான வேகம் இன்னும் கடுமையான விலை கேட்கிறது. பிஸ்டன் ஒவ்வொரு சுழற்சியிலும் மேலே போய் நின்று, திரும்பிக் கீழே வர வேண்டும். அப்படித் திருப்பத் தேவையான விசை, சுழல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. 2ஜேஇசட் எஞ்சினில் பிஸ்டன் பயணிக்கும் நீளம் 86 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 6800 சுழற்சியில், மேல்முனையில் பிஸ்டனின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் ஏறத்தாழ 2900 மடங்கு. 8000 சுழற்சிக்குப் போனால் அது 4000 மடங்கைத் தொடுகிறது. வேகம் கூடியது 18 சதவீதத்துக்கும் குறைவு. கனெக்டிங் ராடையும் அதன் போல்ட்டுகளையும் இழுக்கும் விசை கூடியதோ 38 சதவீதம். ஆகவே 50 குதிரைத்திறனைப் பூஸ்டால், அதாவது டர்போ கூட்டும் காற்றழுத்தத்தால், பெறுவதும் சுழற்சியால் பெறுவதும் எஞ்சினுக்கு ஒன்றல்ல. பூஸ்ட் பிஸ்டனையும் ஹெட் கேஸ்கெட்டையும் சோதிக்கிறது. சுழற்சி ராட் போல்ட்டையும் வால்வு ஸ்பிரிங்கையும் சோதிக்கிறது.

அழுத்தத்தோடு வெப்பமும் வருகிறது. 30 டிகிரி செல்சியஸ் காற்றை டர்போ இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கும்போது, அமுக்கியின் செயல்திறன் 70 சதவீதமாக இருந்தால், வெளிவரும் காற்று 125 டிகிரியை ஒட்டி இருக்கும். இன்டர்கூலர் அதைத் தணிக்காவிட்டால், சிலிண்டருக்குள் தீப்பொறி கிளப்பிய சுடர் போய்ச் சேருமுன் மூலையில் இருக்கும் கலவை தானே பற்றிக்கொள்ளலாம். மெக்கானிக்குகள் நாக்கிங் என்று சொல்வது இதைத்தான். 86 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரில் அந்த அதிர்வலை விநாடிக்கு 6000 முதல் 7000 முறை மோதுகிறது. பிஸ்டன் தலையைக் காக்கும் மெல்லிய வாயுப் படலத்தை அது கலைத்துவிடுவதால் அலுமினியத்துக்குள் வெப்பம் பாய்கிறது. வளையங்களுக்கு இடையிலுள்ள மெல்லிய சுவர் பிளக்கிறது. நாக்கிங்கைத் தடுக்கும் ஆற்றலை ஆக்டேன் எண் குறிக்கிறது. ஜப்பானில் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு விற்கும் உயர்தரப் பெட்ரோலின் ஆக்டேன் எண் 100-ஐ ஒட்டியது. இந்தியாவில் 2020-இல் பிஎஸ் 6 விதிகள் வந்தபோது சாதாரண பெட்ரோலுக்கு விதித்த குறைந்தபட்சம் 91. அங்கே எழுதிய ரீமேப் கோப்பை வாங்கி வந்து இங்கே எஞ்சினில் ஏற்றுவது, இல்லாத எரிபொருளை நம்பிப் பிஸ்டனைப் பணயம் வைப்பதற்குச் சமம்.

நாக்கிங் நிமிடங்களில் கொல்லக்கூடியது. அதைவிட மெதுவாகவும், அதனாலேயே அதிகம் ஏமாற்றியும் கொல்வது உலோகச் சோர்வு. 19-ஆம் நூற்றாண்டில் ரயில் வண்டிகளின் அச்சுகள் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் முறிந்தபோது, ஆகஸ்ட் வோலர் என்ற ஜெர்மன் பொறியாளர் அதை ஆராய்ந்தார். ஒரே முறை ஏற்றினால் எளிதில் தாங்கும் சுமையைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கினால் உலோகம் ஒரு நாள் முறியும் என்று அவர் நிறுவினார். சுமை கூடக்கூட, தாங்கும் தடவைகள் வெகு வேகமாகக் குறைகின்றன. பல உலோகப் பாகங்களில் ஆயுள், சுமையின் ஏறத்தாழ பத்தாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருக்கிறது. அந்தக் கணக்கில், சுமையை 20 சதவீதம் கூட்டினால் ஆயுள் ஆறில் ஒரு பங்காகிவிடும். எஃகில் ஓர் எல்லைக்குக் கீழே சுமை இருந்தால் சோர்வு நடைமுறையில் தலைகாட்டாது. அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை இல்லை. 6000 சுழற்சியில் ஓடும் எஞ்சினில் கனெக்டிங் ராட் மணிக்கு 3 லட்சத்து 60 ஆயிரம் முறை இழுபடுகிறது. 28 மணி நேரத்தில் ஒரு கோடி முறை. டைனோ எந்திரத்தில் ஏற்றி உச்சத் திறனை அளக்கும் 15 விநாடியிலோ ஆயிரத்துச் சொச்சம் முறைதான். டைனோ சீட்டில் அச்சாகும் எண், எஞ்சின் அந்தத் திறனைத் தந்தது என்பதற்குச் சாட்சி. தொடர்ந்து தரும் என்பதற்குச் சாட்சி அல்ல.

ஒரு பாகத்தின் கதை இது. எஞ்சினோ நூற்றுக்கணக்கான பாகங்களின் தொகுப்பு; அவற்றில் பல, ஒன்று போனாலும் எல்லாம் நிற்கும் வகை. வி-1 பறக்கும் குண்டின் வடிவமைப்பில் பங்கேற்று, பிற்காலத்தில் அமெரிக்க ஏவுகணைத் திட்டங்களில் பணியாற்றிய ராபர்ட் லுசரின் பெயரால் ஒரு விதி வழங்குகிறது: தொடராக அமைந்த பாகங்களின் மொத்த நம்பகத்தன்மை, தனித்தனி நம்பகத்தன்மைகளின் பெருக்கற்பலன். ஒவ்வொன்றும் 99 சதவீதம் நம்பகமான 50 பாகங்களைத் தொடராகக் கோத்தால் மொத்தம் 60 சதவீதம்தான் மிஞ்சும். தேருக்கு அச்சாணி போலச் சின்னப் பாகம் பெரிய எஞ்சினை நிறுத்திவிடும் என்பதற்கு ஓர் ஆவணமான சான்று உண்டு. 2014-இல் ஐரோப்பாவில் போர்ஷே 911 ஜிடி3 கார்கள் இரண்டு தீப்பிடித்தன. கனெக்டிங் ராடில் ஒரு போல்ட் இணைப்பு தளர்ந்ததே காரணம் என்று கண்டறிந்த நிறுவனம், அந்த ஆண்டு மாடலின் 785 கார்களுக்கும் எஞ்சினையே மாற்றிக் கொடுத்தது. சோதனைக் கூடமும் பந்தய அனுபவமும் நிறைந்த நிறுவனத்துக்கே இது நேர்ந்தது. அவர்கள் சேர்த்துச் சோதித்த பாகங்களின் வரிசையை நாம் கலைத்து, வெவ்வேறு கடைகளில் வாங்கியவற்றை இடையில் செருகும்போது, அந்தச் சேர்க்கையை நமக்கு முன் யாரும் நீண்ட நேரம் ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். நிறுவனங்கள் வேண்டுமென்றே திறனை அடக்கித்தானே விற்கின்றன, உள்ளே நிறைய மிச்சம் இருக்கிறதே என்பார்கள். இது பாதி உண்மை. 1989 முதல் 2004 வரை ஜப்பானிய நிறுவனங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, உள்நாட்டுக் கார்களின் திறனை 280 குதிரைத்திறனுக்கு மேல் அறிவிக்கவில்லை. சுப்ராவின் டர்போ எஞ்சின் ஜப்பானில் 280 என்றும் அமெரிக்காவில் 320 என்றும் விற்கப்பட்டது. ஏழு முதன்மை பேரிங்குகளும் தடித்த வார்ப்பிரும்பு பிளாக்கும் கொண்ட அந்த எஞ்சினில் உபரி ஏராளம். டியூனர்கள் அதைக் கொண்டாடுவதில் வியப்பில்லை. ஆனால் அந்த 40 குதிரைத்திறன் வேறுபாட்டுக்கே, ஏற்றுமதி வகையில் டர்போவின் பீங்கான் சக்கரத்தை எஃகுச் சக்கரமாக மாற்றினார்கள். பெரிய இன்ஜெக்டர்களைப் பொருத்தினார்கள். பிளாக்கில் உபரி இருந்தது, டர்போ சக்கரத்தில் இல்லை. உபரி எல்லாப் பாகத்திலும் சமமாக இருப்பதில்லை என்பதே இங்கே பாடம். ஓர் எஞ்சினில் கண்ட தாராளத்தை இன்னொன்றிலும் எதிர்பார்ப்பது அதைவிடப் பிழை. இன்றைய சிறு டர்போ எஞ்சின்கள் எடையும் எரிபொருளும் மிச்சமாக வேண்டும் என்று கணக்குப் போட்டுச் செதுக்கப்பட்டவை. ரீமேப் மூலம் அவற்றில் திறன் எளிதாகக் கூடும். பழைய இரும்பு பிளாக்கின் பொறுமையை அவற்றிடம் எதிர்பார்க்க முடியாது.

அப்படியானால் பலவீனமான பாகத்தை மாற்றிவிட்டால் போயிற்று, வார்ப்பதற்குப் பதில் அழுத்தி உருவாக்கிய ஃபோர்ஜ்டு பிஸ்டனும் ராடும் போடலாமே என்பது அடுத்த மறுப்பு. போடலாம், ஆனால் பலவீனம் மறைவதில்லை, இடம் மாறுகிறது. நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் காரின் ஆர்பி26 எஞ்சின் 1989-இல் 280 குதிரைத்திறனோடு வந்தது. அதன் வார்ப்பிரும்பு பிளாக்கும் வலிமைக்குப் பெயர் பெற்றதுதான். அதே கார் பந்தய வடிவில், 600 குதிரைத்திறனை ஒட்டிய எஞ்சினோடு, ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் 1000 பந்தயத்தை 1991-லும் 1992-லும் வென்றது. ஆனால் சாலைக் காரில் பூஸ்டைக் கூட்டியவர்களுக்கு முதலில் உடைந்தது டர்போவின் பீங்கான் சக்கரம். அதை மாற்றிச் சுழற்சியையும் உயர்த்தியவர்களுக்கு அடுத்து வந்தது ஆயில் பம்ப். ஆரம்பகாலக் கிராங்க் ஷாஃப்டில் பம்பைச் சுழற்றும் பகுதி குட்டையாக இருந்ததால் பம்பின் பல்சக்கரங்கள் நொறுங்கின. அதையும் சரிசெய்தால் கிளட்ச், பிறகு கியர்பாக்ஸ். பந்தய அணிக்கு இது தொல்லையில்லை. எஞ்சினை அடிக்கடி பிரித்து, பாகங்களைக் கணக்கு வைத்து மாற்றுவது அவர்கள் தொழில். ஃபோர்ஜ்டு பாகங்களுக்கும் விலை உண்டு. பந்தயத்துக்குப் பயன்படும் சிலிக்கான் குறைந்த அலுமினியப் பிஸ்டன் அதிர்ச்சியைத் தாங்கும். சூட்டில் அதிகம் விரியும். அதனால் சிலிண்டர் சுவரோடு இடைவெளி கூடுதலாக விட வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் அது தடதடக்கும், தேய்மானமும் கூடும். தினமும் காலையில் கிளப்பி அலுவலகம் போகும் காருக்கு அது மேம்பாடுதானா என்று யோசிக்க வேண்டும்.

மூன்றாவது மறுப்பு அனுபவத்திலிருந்து வருகிறது: எத்தனையோ பேர் இரண்டு மடங்கு திறனோடு ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறார்களே? ஓட்டுகிறார்கள். ஆனால் எப்படி ஓட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். சமதளச் சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டரில் சீராகப் போக ஒரு காருக்கு 20 முதல் 30 குதிரைத்திறன் போதும். 600 குதிரைத்திறன் கார் தன் ஆயுளின் பெரும்பகுதியை அந்தத் திறனில் இருபதில் ஒரு பங்கோடு கழிக்கிறது. ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிப்பது சில விநாடிகளே. அந்த எஞ்சினைப் பந்தயத் தடத்தில் 20 நிமிடம் விடாமல் ஓட்டினால் கதை வேறு. பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தை நோக்கிப் போகிறது. அதே அளவு இன்னொரு பங்கு ரேடியேட்டரும் ஆயிலும் சுமக்க வேண்டிய வெப்பம். கூட்டிய 150 குதிரைத்திறனுக்கு ஈடாக ஏறத்தாழ 110 கிலோவாட் கூடுதல் வெப்பம் பழைய ரேடியேட்டரின் தலையில் விழுகிறது. வளைவில் கார் புவியீர்ப்புக்குச் சமமான பக்கவாட்டு முடுக்கத்தைக் காணும்போது எஞ்சினின் அடித்தொட்டியான சம்ப்பிலுள்ள ஆயிலின் மேற்பரப்பு 45 டிகிரி சாய்கிறது. உறிஞ்சும் குழாய் காற்றை இழுத்தால் பேரிங்குகள் விநாடிகளில் கருகும். தவிரவும், தாங்கிய எஞ்சின்களைப் பற்றியே அதிகம் பேசப்படுகிறது. உடைந்தவை பெரும்பாலும் சத்தமில்லாமல் பிரித்து விற்கப்படுகின்றன.

இவற்றிலிருந்து கிடைக்கும் முறை எளியது, ஆனால் வழக்கத்துக்குத் தலைகீழானது. வழக்கமாக முதலில் டர்போ, பிறகு சூடு ஏறினால் ரேடியேட்டர், பிறகு ஆயில் அழுத்தம் குறைந்தால் சம்ப். இதைத் திருப்பிப் போட வேண்டும். முதல் செலவு அளவைக் கருவிகளுக்கு: ஆயிலின் வெப்பம், அதன் அழுத்தம், காற்று எரிபொருள் விகிதம். டர்போ எஞ்சின் முழுச் சுமையில் இருக்கும்போது அந்த விகிதம் 12-ஐ ஒட்டி இருப்பது வழக்கம். சுமையின்போது அது 14-ஐ நோக்கி நழுவினால் பிஸ்டன் ஆபத்தில் இருக்கிறது. அடுத்த செலவு குளிர்விப்புக்கும் ஆயிலுக்கும் எரிபொருள் வழங்கலுக்கும். இவை ஒரு குதிரைத்திறனும் கூட்டாமல் கையிருப்பைக் கூட்டுபவை. அதற்குப் பிறகே பூஸ்ட். அதுவும் அந்த எஞ்சினில் முதலில் உடையும் பாகம் எதுவென்று தெரிந்து, அதன் எல்லைக்குக் கணிசமாகக் கீழே. சுழற்சி வரம்பை உயர்த்துவது கடைசித் தெரிவாக இருக்கட்டும். இடையில் இன்னொரு வழியும் உண்டு: 1500 கிலோ எடையும் 320 குதிரைத்திறனும் உள்ள காரில் 100 கிலோவைக் குறைத்தால், முடுக்கத்துக்கு அது 20-க்கு மேற்பட்ட குதிரைத்திறன் கூட்டியதற்குச் சமம். எஞ்சின் அதற்காகக் கூடுதலாக ஒரு சுமையும் ஏற்பதில்லை. பிரேக்குக்கும் டயருக்கும்கூட வேலை குறைகிறது.

கடைசி மறுப்பு மனநிலை சார்ந்தது. நம்பகத்தன்மைதான் வேண்டுமென்றால் ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு, துணிச்சலில்தானே இன்பம் என்பார்கள். வேகத்தையே தொழிலாகக் கொண்டவர்கள் இதற்குப் பதில் சொல்லிவிட்டார்கள். ஆடி ஆர்8 பந்தயக் கார் 2000-க்கும் 2005-க்கும் இடையில் ல மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஐந்து முறை வென்றது. அதன் 3.6 லிட்டர் டர்போ எஞ்சின், உள்ளிழுக்கும் காற்றைக் கட்டுப்படுத்தும் விதிகளுக்கு உட்பட்டு, அதிகபட்சம் 600 குதிரைத்திறனை ஒட்டியே தந்தது. ஆனால் ஒரு பகலும் ஓர் இரவும் தந்தது. துணிச்சலுக்கும் கணக்குக்கும் பகை இல்லை. தகுதிச் சுற்று எஞ்சின் வேண்டும் என்று தெரிந்தே ஒருவர் தேர்ந்தெடுத்து, பிரித்து மாட்டும் செலவையும் ஏற்றுக்கொண்டால் அது முறையான முடிவு. பந்தய எஞ்சினின் ஆயுளை எதிர்பார்த்துக்கொண்டு தகுதிச் சுற்றின் திறனை வாங்குவதுதான் தவறு. ஆகவே டியூனரின் கடைக்குப் போகிறவர்கள் எத்தனை குதிரைத்திறன் கூடும் என்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: இந்த எஞ்சினில் முதலில் உடையப்போகும் பாகம் எது, எவ்வளவு சுமையில், எத்தனை மணி நேரத்தில்? பாகத்தின் பெயரோடும் எண்ணோடும் பதில் சொல்ல முடியாதவரிடம் எஞ்சினை ஒப்படைக்காதீர்கள்.